எழுதத் துணை நிற்போம்



உயர்தரம் வரை தமிழிற் கற்ற நம் பிள்ளைகள் பலர், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் முதலியவற்றை ஆங்கிலத்திற் கற்கின்றனர். பாடம் விளங்காமையாலன்று, விளங்கியதை எழுத இயலாமையாலேயே இவர்களிற் பலர் இடர்ப்படுகின்றனர். கேட்க நாணி வாளாவிருப்போரும் உளர். இதனை அறிவுக் குறையென நாம் கருதலாகாது.

தமிழில் எழுதுவோர்க்கும் தொல்லையுண்டு. பாமினி எழுத்துருவில் அமைத்த கட்டுரை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றும். யூனிகோட்டில் எழுதினால் எங்கும் வாசிக்கலாம். வேண்டிய சொல்லைத் தேடியும் எடுக்கலாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கிற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் பயன்கொள்ளும் வழியைக் காட்டுவார் வேண்டும்.

1849 இல் நாவலர் பெருமான் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, அக்காலத்துப் புதுக்கருவியைத் தமிழுக்குத் தொண்டாற்றச் செய்தார். கணினியையும் நாம் அவ்வாறே ஆளுதல் வேண்டும்.

ஆதலால், பட்டம் பெற்ற அங்கத்தவர் ஒவ்வொருவரும் முதலாம் வருட மாணவர் ஒருவருடன் வாரம் ஒரு மணி நேரம் அமர்வோமாக. எழுதிக் கொடுத்தல் உதவியன்று. அவர் எழுதியதை அவரோடிருந்து வாசித்து, பிழையை அவரே காணச் செய்தலே உதவி. அதனை இன்றே தொடங்குவோம்.