சவர்த்தண்ணியும் ஜி03சியும்



ஒளிப்பட இரசாயனத்துக்கான ஆக்கவுரிமைகளை, அதாவது பேட்டன்ட்டுகளை, உலகம் எப்படி வகைப்படுத்தி வைத்திருக்கிறது என்று இன்று கதைக்கப் போகிறேன். தலைப்பைக் கேட்டதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தீவுக் கிணற்றுத் தண்ணீரும் இதற்குள் வருகிறது.

ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்து ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தால், பரிசோதிக்கும் அலுவலர் முதலில் பார்ப்பது, இதை முன்பே வேறு யாரும் எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைத்தான். யப்பானிய மொழியிலும் யேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் கோடிக்கணக்கான ஆவணங்கள் கிடக்கின்றன. சொல்லை வைத்துத் தேடினால் எத்தனை மொழியில் தேடுவது? அதனால்தான் மொழி பாராத ஒரு குறியீட்டு முறையை 1971ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் உடன்படிக்கை மூலம் நாடுகள் ஏற்றுக்கொண்டன. கடித உறையில் இலங்கை, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, நாரந்தனை, பிறகு வீட்டுப் பெயர் என்று எழுதுகிறோமே, அதே ஒழுங்கு. ‘ஜி’ என்றால் பௌதிகம். ‘ஜி03’ என்றால் ஒளிப்படமும் அதன் உறவுகளும். ‘ஜி03சி’ என்றால் ஒளிபட்டால் மாறும் பொருட்களும், அவற்றிலிருந்து படம் எடுக்கும் இரசாயன முறைகளும். கமெராவுக்கு ‘ஜி03பி’. போட்டோக் கொப்பி யந்திரத்துக்கு ‘ஜி03ஜி’. அமெரிக்கர்கள் இந்த இரசாயனத்தை நெடுங்காலம் 430ஆம் வகுப்பு என்று தனியாக வைத்திருந்தார்கள். இப்போது ஐரோப்பியரோடு சேர்ந்து ஒரே முறைக்கு வந்துவிட்டார்கள்.

ஜி03சிக்குள்ளே நுழைந்தால் 5/38 என்று ஓர் இடம் இருக்கிறது. படத்தை நிலைப்படுத்தும் முறைகள் அங்கே உள்ளன. நான் ஆறுதலாக நிற்க விரும்புவது அந்த இடத்தில்தான்.

வயது வந்த நேயர்களுக்கு ஹைப்போ நினைவிருக்கும். சோடியம் தயோசல்பேற்று. ஒளி படாத வெள்ளி உப்பை அது கரைத்து எடுத்துவிடும். எடுக்காவிட்டால் வெளிச்சத்தில் முழுப்படமும் கறுத்துப்போகும். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று 1819இலேயே கண்டவர் விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல். அவருடைய சிநேகிதியான ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மாகிரட் கமரோன் பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து, இங்கேயும் படம் எடுத்து, 1879இல் இங்கேயே காலமானார். எங்கள் நாட்டுக்கும் இந்த இரசாயனத்துக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

ஹைப்போ வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். காகிதத்தில் மிச்சம் நின்றால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தின்னும். படம் மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும். உங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் முகம் அப்படி மங்கியிருந்தால், பெரும்பாலும் சரியாகக் கழுவாத படம் அது. கழுவுவதற்கு ஓடும் தண்ணீர் நிறைய வேண்டும். தீவுப்பகுதியில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

படிக்கிற காலத்தில் ஊர்காவற்றுறையில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் வேலை செய்தேன். சிவப்புக் குமிழின் கீழே, தட்டை மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருக்க, வெள்ளைக் காகிதத்தில் முதலில் கண் வரும், பிறகு தலைமுடி வரும். ஸ்ரூடியோக்கார அண்ணை ஒரு முறை வைத்திருந்தார். “தம்பி, முதல்லை சவர்த்தண்ணியிலை கழுவு. கடைசியிலை நல்ல தண்ணியிலை அலசு” என்பார். வாசலில், உப்புக் கரிக்கும் சவர்த்தண்ணிக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு வாளி எப்போதும் நிற்கும். நல்ல தண்ணீர் வாளியை வேறு எதற்கும் தொட விடமாட்டார். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு இரசாயனம் படித்து, படிப்பிக்கவும் தொடங்கிய காலத்தில்தான் அவருடைய முறையின் காரணம் விளங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல்களில் படம் கழுவியவர்களுக்கும் இதே தட்டுப்பாடு. கடல்நீரில் கழுவிப் பார்த்தார்கள். நன்னீரைவிட விரைவாக ஹைப்போ வெளியேறியது. வெள்ளியைக் காகிதத்தில் பிடித்து வைத்திருக்கும் ஜெலற்றினில் ஒட்டிக்கொண்டிருக்கும் தயோசல்பேற்று அயன்களை உப்பின் அயன்கள் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஆனால் உப்பும் படத்தில் தங்கக்கூடாது, அதனால் கடைசியில் நன்னீர். பிறகு சல்பைற்று உப்பைக் கொண்டு கழுவும் மருந்துகளையே கம்பனிகள் விற்கத் தொடங்கின. அண்ணை கையால் அறிந்ததை அவர்கள் தாளில் எழுதி எண் போட்டு வைத்தார்கள். அவர் கழுவிய படங்கள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும் நேயர்களே. பழைய படம் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஈரக்காற்றில் ஜெலற்றின் இளகி ஒட்டியிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுத்துவிடுங்கள்.

ஜெலற்றின் என்றதும் கடுகுக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது அது. 1920களில் கொடாக் கம்பனியில், ஒரே முறையில் செய்த பிலிம்கள் சில வேளை நன்றாக ஒளியை உணர்ந்தன, சில வேளை உணரவே இல்லை. சாமுவேல் ஷெப்பேட் என்ற ஆய்வாளர் துருவிப் பார்த்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்த கந்தகச் சேர்வைகள் ஜெலற்றின் வரைக்கும் வந்து, வெள்ளி உப்பைக் கூர்மையாக்கியிருக்கின்றன! படத்தைக் கெடுக்கும் அதே கந்தகம், அணுவளவாகச் சரியான இடத்தில் நின்றால் படத்தைத் தருகிறது. அதற்குப் பிறகு கந்தகத்தை அளந்தே சேர்த்தார்கள். அதற்கும் ஓர் இடம் உண்டு: ஜி03சி 1/09.

 இன்னொன்றையும் சொல்கிறேன். ஸ்ரூடியோக்கள் மூடியதோடு இந்த இரசாயனம் முடியவில்லை. உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் ‘சிப்’ எனப்படும் சில்லின் நுண்கோடுகள் எல்லாம் ஒளிபட்டால் மாறும் ஒரு மெல்லிய பூச்சைக் கொண்டுதான் வரையப்படுகின்றன. அந்த முறைகள் அடுத்த வீட்டில், ஜி03எஃப் 7இல் இருக்கின்றன.

இந்த ஆக்கவுரிமைப் பத்திரங்களை ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓர் ஆக்கவுரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குத்தான். காலம் முடிந்ததை எவரும் செய்து பார்க்கலாம்.

நாரந்தனையிலும் கரம்பனிலும் சரவணையிலும் உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளே, செவ்வரத்தம்பூச் சாற்றைக் காகிதத்தில் பூசி, மேலே ஓர் இலையை வைத்து, நாட்கணக்கில் வெயிலில் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளிறி, இலையின் உருவம் நிற்கும். பூச்சாறுகளை ஹேர்ஷலும் 1842இல் சோதித்தார். ஆனால் அந்தப் படத்தை வெளிச்சத்தில் அழியாமல் நிறுத்த ஹைப்போவைப் போல ஒரு மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. உங்களில் ஒருவர் அதைக் கண்டுபிடித்து, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளியில்லாத சேதனச் சேர்வைகளுக்கு ஜி03சி 1/73 என்று இடம் ஏற்கெனவே திறந்திருக்கிறது.