கல்லையும் கரைக்கும் நுண்ணுயிர்கள்
(ஆலயத் திருவிழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கல்லில் வடித்தது காலத்தை வெல்லும் என்பது தமிழர்தம் நம்பிக்கை. மாமன்னன் இராசராசன் 1010ஆம் ஆண்டில் நிறைவுசெய்த தஞ்சைப் பெருவுடையார் கோயில் அதற்குச் சான்றாக நிமிர்ந்து நிற்கின்றது. எனினும், வெயிலும் மழையும் மட்டுமன்றி, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் கல்லை அரிக்கின்றன என்று அறிவியல் உணர்த்துகின்றது.

கற்சுவரில் திட்டுத்திட்டாகப் படரும் கற்பாசி ஓருயிர் அன்று. பூஞ்சையும் பாசியும் கூடிவாழும் கூட்டுயிர். சமையலுக்கு மணமூட்டும் கல்பாசியும் இவ்வினமே. பூஞ்சையானது தன் நுண்ணிழைகளைக் கல்லின் துகள்களுக்கிடையே செலுத்தி, ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து, தாதுக்களைக் கரைக்கின்றது. மழையில் பருத்தும் வெயிலில் சுருங்கியும் அவ்விழைகள் துகள்களைப் பெயர்க்கின்றன. வௌவால், புறா ஆகியவற்றின் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரிக் அமிலமாக மாற்றுகின்றன. இவை அனைத்தும் தழைக்க ஈரம் வேண்டும்.

கம்போடியாவில் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்கு எழுப்பிய அங்கோர்வாட், மணற்கல்லால் ஆனது. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்குப் பணியாற்றி, அம்மோனியா கலந்த நீராலும் தூரிகையாலும் பாசியை அகற்றியது. சிற்பங்களின் மேற்பரப்பு தேய்ந்ததென அறிஞர் சிலர் குறைகூறினர். அகன்ற பாசியின் இடத்தில், வெயிலைத் தாங்கும் கருநிற நுண்ணுயிர்கள் பின்னர்ப் பரவின. அழுக்கை நீக்குவது எளிது. ஈரத்தை நீக்காவிடில் அது மீளும் என்பதே அங்கோர் தரும் பாடம்.

தமிழகத்திலும் திருப்பணியின்பொருட்டுச் சில கோயில்களில் மணலை விசையுடன் பீய்ச்சித் தூய்மை செய்தனர். பாசியோடு கல்வெட்டெழுத்தும் மழுங்கியது. நுண்ணுயிர் நூற்றாண்டுகளில் செய்யும் கேட்டினை மனிதரின் ஆர்வம் ஒரே நாளில் செய்துவிடுகின்றது. மழுங்கிய எழுத்தை மீண்டும் பொறித்தாலும் அது பழைய சான்றாகாது.

ஆண்டு முழுதும் மழைபொழியும் ஜொகூரில், கருங்கல் திருமேனிகளுக்கும் சுதைக் கோபுரங்களுக்கும் இவ்வறிவு தேவை. கூரை நீர் தேங்காது வடியட்டும். கோபுரத்தில் முளைக்கும் செடி சிறிதாயிருக்கையிலேயே களையப்படட்டும். அபிடேகத்தின் பாலும் தேனும் படியாதவாறு நீரால் கழுவித் துடைக்கப்பெறட்டும். அமிலமும் கம்பித் தூரிகையும் திருமேனியைத் தீண்டலாகாது. பழங்கல்லில் கைவைக்குமுன் கல்லறிந்த சிற்பியரையும் தொல்லியல் வல்லுநரையும் நிர்வாகத்தினர் கலந்துகொள்ளுதல் நன்று.

பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நிகழும் குடமுழுக்கு, ஆலயத்தைப் புதுப்பிக்க முன்னோர் வகுத்த நன்னெறி. அந்நெறி இடையறாத பராமரிப்பால் நிறைவு பெறும். ஈரம் துடைக்கும் துணியும் இறைவன் திருத்தொண்டே. வாழ்க அடியார்! ஓங்குக ஆலயம்!