ஒரே நிரையில் நிற்கும் 23

இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டுகிறவர்கள் காதால் கேட்டாலே போதும். 6,746,328,388,800. ஆறே முக்கால் டிரில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு.

இதைத் தம் பட்டியலின் கடைசியில் எழுதியவர் கும்பகோணத்து இராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதியவர், 1914-இல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். மறு ஆண்டே இலண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைத் தேடியிருந்தார்.

நான் பாடம் நடத்தும் அசாம் ஜாவாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காரணிகளையும் பகா எண்ணையும் சொல்லித்தரச் செம்பனைக் கொட்டைகளைத்தான் எடுப்பேன். 24 கொட்டைகளைக் கொடுத்து, நாற்றங்காலில் கன்றுப் பைகளை வைப்பதுபோல நிரை பிசகாமல் அடுக்கச் சொல்வேன். நாலு நிரை, ஆறு நிரை, எட்டு நிரை என்று ஆளுக்கொரு விதமாக அடுக்குவார்கள். அப்புறம் சத்தமில்லாமல் ஒன்றை எடுத்துவிடுவேன். 23! எப்படி வைத்தாலும் மிச்சம் நிற்கும். “சார், இது ஒரே நிரையாத்தான் நிக்கும்!” என்று அலுத்துக்கொண்டான் ஒரு பையன். அவ்வளவுதான், பகா எண் புரிந்துவிட்டது.

இப்போது நம் பெரிய எண்ணைப் பிரிப்போம். இரண்டு ஆறு முறை, மூன்று நான்கு முறை, ஐந்தும் ஏழும் இரண்டிரண்டு முறை; 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. போகப் போக முறை குறைகிறதே தவிர ஏறவில்லை, கவனித்தீர்களா? ஏறினால் பெரிய பகா எண்ணையும் சிறியதையும் இடம் மாற்றிவிடலாம். காரணிகள் அத்தனையும் இருக்கும், எண் மட்டும் சிறுத்துவிடும். அப்புறம் பட்டியலில் ஏது இடம்?

காரணிகளை எண்ணுவதும் சுலபம். ஆறு இரண்டுகளில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஆறையும் எடுக்கலாம்: ஏழு வழி. அப்படியே மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கும் ஏழுக்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080!

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். கணினி இல்லாமல் நூற்றுக்கு மேற்பட்ட எண்களை வரிசைப்படுத்திய அந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருந்தது: 293,318,625,600. காரணிகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், அவருடைய கடைசி எண்ணே வந்து நிற்கும்! பழைய காரணி ஒவ்வொன்றும் 23-ஐச் சேர்த்தும் வரலாம், சேர்க்காமலும் வரலாம். அதனால் 5,040 இரட்டித்து 10,080. எங்கள் வகுப்பில் ஒற்றை நிரையாய் முரண்டு பிடித்ததே, அதே 23.

இந்த எண்களைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. 1000-க்குள் அதிகக் காரணிகள் உள்ள எண் எது என்று இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளைகளைக் கேளுங்கள். 32 காரணிகள் வர வேண்டும்.