மழைநீரும் நம் கடமையும்



2013 அக்டோபர் 23 அதிகாலையில் பெர்தாம் பள்ளத்தாக்கில் நடந்ததை மறக்கலாமா? அடைமழையில் ரிங்லெட் அணை நிரம்பியது, நீரைத் திறந்துவிட்டார்கள். கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அணையில் வண்டல் சேர்ந்து, தண்ணீர் தங்க இடம் குறைந்து போயிருந்தது.

அந்த மண் எங்கிருந்து வந்தது? மொட்டையாக வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்து! செடி மூடிய நிலத்தில் மழை மெல்ல இறங்கி ஊற்றாகும். வெறும் மண்ணையோ வாரிக்கொண்டு ஓடும்.

கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கச் சொல்லித் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே போட்டார்கள். இங்கே அந்த வேலையைத் தேயிலை வேர் செய்கிறது.

ஆகவே, லயத்துக் கானில் குப்பை கொட்டாதீங்க. வீட்டோரத்து வெறும் மண்ணில் புல்லாவது வளரட்டும். நம்ம மழை, கீழே இருக்கிறவங்களுக்கு வெள்ளமாகப் போய்ச் சேரக்கூடாது.