குனிந்து கால் விரலைத் தொட்டால் போதுமா?



1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி ஓட்டம். பிரிட்டனின் டெரெக் ரெட்மண்ட், பாதித் தூரத்தைக்கூடத் தாண்டாத நிலையில், தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். அவருடைய தந்தை காவலர்களை விலக்கிக்கொண்டு திடலுக்குள் ஓடி வந்தார். தந்தையின் தோளில் சாய்ந்து அழுதபடியே மகன் முடிவுக் கோட்டைக் கடந்தார். அன்று கிழிந்தது 'ஹேம்ஸ்ட்ரிங்' எனப்படும் தொடைப் பின்தசை. ஒலிம்பிக் வீரருக்கே இந்தக் கதி என்றால், வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பந்து உதைக்கப் போகிறவர் நிலை என்ன?

இது ஒரே தசையன்று. மூன்று தசைகளின் கூட்டு. உட்காரும்போது நாற்காலியில் அழுந்துகிறதே, அந்த இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் முடிகிறது. ஆகவே, முழங்கால் நீண்டிருக்க, இடுப்பு மடங்கினால்தான் அது நன்றாக நீளும். முதுகு வளைவதால் நீளாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நடக்கும் நாஃபா உடலுறுதிச் சோதனையில், உட்கார்ந்தபடி கையை முன்னால் நீட்டும் அங்கம் ஒன்று உண்டு. முதுகைக் கூன்போல் வளைத்தாலும் கை எட்டிவிடும். நீண்ட கை உள்ள பிள்ளைக்கும் எட்டிவிடும். தசை இளகியதா என்பது வேறு கதை. எட்டாத பிள்ளையின் முதுகில் கைவைத்துத் தோழன் அழுத்துகிறானே, அது உதவியே அன்று, வம்பு!

சரியான வழிக்குச் செலவு ஏதுமில்லை. அடுக்குமாடி வீட்டின் அறை வாசல் போதும். வாசலை ஒட்டித் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு காலை வாசல் வழியே நேராக நீட்டி, மறுகாலின் குதிகாலை நிலைச்சட்டத்தில் உயர்த்தி வைக்க வேண்டும். பிட்டம் தரையைவிட்டு எழும்பக்கூடாது. எழும்பினால் சற்றுத் தள்ளிப் படுக்கலாம். தொடை நடுவில் இதமான இழுப்பு தெரிந்தால் போதும். மூச்சை அடக்காமல் 30 வினாடி. பிறகு அடுத்த கால். துள்ளித் துள்ளி இழுக்க வேண்டாம். முழங்காலுக்குப் பின்னே மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்றால் இழுபடுவது நரம்பாக இருக்கலாம். உடனே தளர்த்திவிட வேண்டும். சிறிது நடந்து உடல் சூடான பிறகு செய்வது நல்லது.

அதென்ன 30 வினாடிக் கணக்கு? 1994இல் அமெரிக்காவில் 57 பேரை வைத்து ஆறு வாரம் சோதித்தார்கள். 15 வினாடி பிடித்தவர்களைவிட 30 வினாடி பிடித்தவர்களுக்கு அதிகப் பலன் கிடைத்தது. 60 வினாடி பிடித்தவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு 60 வினாடியே கூடுதல் பலன் தந்ததாக 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. ஆக, தாத்தாவும் பேரனும் ஒரே கணக்கில் செய்ய வேண்டியதில்லை.

தசை இளகிவிட்டது, இனிக் கிழியாது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. கிழியாமல் காப்பதில் பலத்துக்கே பெரும்பங்கு. டென்மார்க்கில் 942 காற்பந்தாட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. மண்டியிட்டு, கணுக்காலை நண்பர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல மெல்ல முன்னால் சாய்க்கும் பயிற்சி ஒரு பாதிக்குத் தரப்பட்டது. அவர்களிடையே 15 தசைக் காயங்கள். வழக்கமான பயிற்சியோடு நின்றவர்களிடையே 52. முதல் சில நாள் தொடை வலிக்கும். அதற்காகப் பயந்து விட்டுவிடக் கூடாது. எண்ணிக்கையைக் குறைவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம்.

ஆட்டத்துக்குச் சற்று முன்னால் நெடுநேரம் இழுத்துப் பிடிப்பதும் வேண்டாம். தசையின் விசை சிறிது குறையும். மெல்லோட்டமும் காலை முன்னும் பின்னும் வீசுவதும் அந்நேரத்துக்கு ஏற்றவை.

ஓடும்போது தொடையில் 'பட்' என்று தெறித்தாற்போல் வலித்து, நீலம் பாரித்தால், இழுத்துவிட்டுச் சரிசெய்யலாம் என்று யாரும் முயல வேண்டாம். கிழிந்த துணியை மேலும் இழுத்தால் என்ன ஆகும்? ஓய்வு கொடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து கால்வரை மரத்துப்போகிறவர்களும் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்தான். வாசல் நிலைக்கு அப்புறம் வரலாம்.