உண்ண மறுக்கும் பிள்ளைகள்
(ஜோகுபாளையத்தில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கண்டோன்மெண்டில் பிழைப்பை நாடி வந்த நம் முன்னோர், பிள்ளைகள் வயிறார உண்பதையே தம் உழைப்பின் பயனாகக் கருதினர். இன்றோ, சோறு வடித்திருந்தும் உண்ண மறுக்கும் பிள்ளைகள் சில இல்லங்களில் உள்ளனர். இதைப் பிடிவாதம் என்றோ நாகரிக மோகம் என்றோ தள்ளிவிடலாகாது, இது நோய். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பெங்களூர் மனநல மருத்துவர்கள் 66 பேருள் மூன்றில் இரு பங்கினர், உணவுக் கோளாறு உடையோரைத் தாம் கண்டதாகக் கூறினர்.

மனத்தைப் பற்றும் இந்நோய் உடலையும் அரிக்கிறது. உணவு குறைந்தால் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நாடித்துடிப்பு தளர்கிறது, இரத்த அழுத்தம் தாழ்கிறது, கைகால்கள் சில்லிடுகின்றன, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். எலும்பு வலுப்பெற வேண்டிய பருவம் இது. அப்போது இழந்த வலு முழுவதும் மீளாமற்போகவும் கூடும். உண்டதை மறைவாக வாந்தியெடுப்போருக்குப் பல்லின் மேற்பூச்சு கரைகிறது. குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். இவர்களுள் பலர் மெலிந்து காணப்படுவதில்லை. ஆதலின் தோற்றத்தை நம்பலாகாது. ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

தாய்மார்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்வோம். நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு, பாசத்தால் ஒரே நாளில் நிறைய ஊட்டுவது ஆபத்து. திடீரென உணவு சேர்கையில் குருதியிலுள்ள பாஸ்பேட் சரிந்து, இதயமும் மூச்சும் தடுமாறலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினியிலிருந்து மீட்கப்பட்டோர் சிலர் உணவு கிடைத்த பின்னரே மாண்டனர். அதற்காக உணவை நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரிடம் விரைந்து, அவர் மேற்பார்வையில் படிப்படியாக ஊட்டுவதே வழி. மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நம் நகரின் நிம்ஹான்ஸ் நிலையத்தில் சிறுவர், இளைஞர் மனநலத்திற்கெனத் தனித்துறை உண்டு. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அன்பர்களே! விழா வீடுகளில் ஒரு பிள்ளையை “இளைத்து அழகாகிவிட்டாய்” என்று புகழ்வதையும், மற்றொரு பிள்ளையைக் “குண்டு” என்று நகைப்பதையும் இன்றோடு விடுவோம். இலை முன் எடையைப் பேசாது, பிள்ளைகளோடு உடனமர்ந்து உண்போம்.