பதிவு யார் கையில்?



காவலரின் சட்டையிலும் ஜீப்பிலும் கேமரா மாட்டிவிட்டால் அடி குறையும் என்கிறார்கள். குறைந்தால் நல்லதுதான். ஆனால் பதிவு யார் கையில் இருக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

2020 மே 25, மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்தியபோது காவலர்களின் சட்டைக் கேமராக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்படியும் காவல்துறையின் முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறு என்றது. பொய்யை உடைத்தது தெருவில் நின்ற 17 வயதுப் பெண்ணின் கைப்பேசி.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 19 இரவு சாத்தான்குளம். தந்தையும் மகனும் அடிபட்ட நிலையத்தில் கேமரா இருந்தது, ஹார்ட் டிஸ்க்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர்தான் அதைக் கண்டு எழுதினார். சாட்சி சொன்னது இயந்திரமல்ல, அன்று பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்.

அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் ஒலியோடு கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றது. பதிவைப் பாதுகாக்கக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டென்று வாசலிலேயே எழுதி வைக்கவும் சொன்னது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறோம்?

அந்த உத்தரவும் நிலையத்தின் சுவரோடு நின்றுவிடுகிறது. நள்ளிரவில் ஜீப் நுழைவது நம் சேரிக்குள். அங்கே சட்டைக் கேமராவை அணைத்தவர் காரணம் எழுதித் தர வேண்டும், பதிவின் ஒரு படி மனித உரிமை ஆணையத்திடம் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறோம். அதுவரை, நம்மவர் ஒருவரைத் தூக்கிப்போன அன்றைக்கே, தேதியும் நேரமும் நிலையத்தின் பெயரும் போட்டு, பதிவை அழியவிடாமல் வாங்கி வைக்கும்படி ஆணையத்துக்கு மனு அனுப்பிவிடுவோம்.